பாலத்துக் குழாயில் இடமில்லை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? அத்தானுக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே நான், டீச்சர், வாலு மூவரும் சுகம். வாலுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பெரிய மனுஷி மாதிரி வாயை மூடிக்கொண்டே சிரிக்கிறாள். என் மனைவியோ பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்தித் தொண்டை கட்டி, வீட்டில் சைகையிலேயே காரியத்தை நடத்துகிறாள். எனக்கு நிம்மதி.

விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் கடைசியில் வேலையை விட்டுவிட்டேன். பத்தொன்பது வருடம் டெலிபோன் ஆபீஸில் கேபிள் இணைக்கும் ஜாயின்டராகக் குழிக்குள் உட்கார்ந்தது போதும் என்று தோன்றியது. இங்கே புதிதாக ஒரு தொலைபேசி நிறுவனம் வந்திருக்கிறது. நிறுவனம் என்றதும் பத்து மாடிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ளாதே. மொத்தம் பதினோரு பேர். ரேடியோவும் மின்விசிறியும் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த ஒரு அம்மாள்தான் முதலாளி. கடையின் பின்பக்க அறைதான் எங்கள் தொலைபேசி நிலையம். வேலை என்னவோ அதே வேலைதான். குழிதான் வேறு.

ஊழியர்களுக்குக் கொடுக்கும் போனை உங்கள் ஆபீஸ் மறுநாளே வந்து கழற்றிக்கொண்டு போய்விட்டது. நேற்றுவரை 'நம்ம ஆபீஸ்' என்று எழுதியிருப்பேன். வீட்டில் இப்போது எங்கள் நிறுவனத்து போன். அதிலிருந்து உனக்குப் பேச முடியாது. இரண்டு நிறுவனங்களுக்கும் நடுவே உங்கள் ஆட்கள் இன்னும் இணைப்புக் கொடுக்கவில்லை. பூத்துக்குப் போனால் பின்னால் நிற்கிறவர் தொண்டையைச் செருமுகிறார். அதனால்தான் கடிதம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் எங்கள் லைனைக் கொண்டுபோக, பாலத்தின் நடைபாதைக்கு அடியில் போகும் உங்கள் கேபிள் குழாய்களில் ஒன்றைக் கேட்டு எங்கள் முதலாளியம்மா இந்த மாதக் கடைசியில் விண்ணப்பம் போடப் போகிறார். இடம் இருந்தால் கொடுத்தே ஆகவேண்டும் என்று தொலைபேசி ஆணையம் விதி போட்டுவிட்டதே, அந்த விதியின்படி. அது உன் மேசைக்குத்தான் வரும். சிபாரிசு கேட்பதாக நினைக்காதே. தெரிவித்தேன், அவ்வளவுதான்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தம்பி


ஜனவரி 27

சின்னவனுக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் நலம். அத்தானின் முழங்கால் குளிரில் மடங்க மறுக்கிறது. மருத்துவர் நடக்கச் சொன்னார். இவர் நடக்கச் சொன்னதைப் பற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். வாலுவின் பல் இந்நேரம் முளைத்திருக்கும்.

வேலையை விட்டது பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. விட்ட பிறகு சொல்கிறாய். முன்பே கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அது உனக்கும் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. டீச்சர் சம்மதித்தாளா என்று நீ எழுதவில்லை.

ஒன்றை மட்டும் நினைவில் வை. மண்டல அலுவலகத்தில் மற்ற நிறுவனங்களின் விண்ணப்பங்களுக்கு விடை எழுதும் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. எங்களுக்கு நாங்கள் எப்படியோ, மற்றவர்களுக்கும் அப்படியே என்பதுதான் ஆணையத்தின் விதி. முப்பது நாளில் பதில் தர வேண்டும். மறுப்பதாக இருந்தால் பொறியாளர், அதாவது நான், நேரில் பார்த்து, இடமில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். இதில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இனிமேல் உன் நிறுவனத்தைப் பற்றி எனக்கு ஒரு வரிகூட எழுதாதே. ஊர் விஷயம் எழுது, வீட்டு விஷயம் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். டீச்சர் சம்மதித்தாளா என்று கேட்டிருந்தாய். "உங்களுக்குப் பிடிச்சதைப் பண்ணுங்க" என்று சொன்னாள். அந்த வாக்கியத்துக்குப் பொருள் என்ன என்று கல்யாணமான எல்லோருக்கும் தெரியும்.

நீ எழுத வேண்டாம் என்றதை இந்த ஒரு முறை மீறுகிறேன், மன்னித்துவிடு. நேற்று உங்கள் பதில் வந்தது. முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்ததால் நான்தான் வாசித்துக் காட்டினேன். 'நேரில் பார்வையிடப்பட்டது. பாலத்துக் குழாயில் இடமில்லை.' கீழே உன் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை இழுத்துவிடும் பழக்கம் உனக்கு இன்னும் போகவில்லை.

அந்தப் பாலத்தின் கீழே நான்கு குழாய்கள் போகின்றன, அக்கா. நான் அதற்குள் தலையை விட்டு வேலை பார்த்தவன். இரண்டில் கேபிள் இருக்கிறது. இரண்டு சும்மா கிடக்கின்றன. பத்தொன்பது வருடத்தில் என் முதுகுக்கு அந்த மேன்ஹோலைத் தெரிந்த அளவுக்கு என் கட்டிலைத் தெரியாது.

நீ வந்து பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டாய். வந்திருந்தால் வீட்டுக்கு வராமல் போயிருக்கவும் மாட்டாய். அதனால் வேறு யாரோ பார்த்துச் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். அவ்வளவுதான். முதலாளியம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

அத்தானைத் தினமும் தெருமுனைவரையாவது விரட்டிவிடு.

அன்புடன்
தம்பி


ஏப்ரல் 2

சின்னவனுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இரண்டு வாரம் இருமல். இப்போது தேவலை. அத்தான் கைத்தடி வாங்கியிருக்கிறார். நடப்பதற்கு அல்ல, அலமாரியின் மேல்தட்டிலிருந்து பொருள்களைத் தள்ளி எடுப்பதற்கு. மூத்தவள் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அவள் அறை காலியாக இருக்கிறது. அதில் அத்தான் பழைய செய்தித்தாளை அடுக்கத் தொடங்கியிருக்கிறார்.

அலுவலகத்தில் புதிய பொது மேலாளர் வந்திருக்கிறார். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று ஜன்னலில் நின்று பார்க்கிறார். எனக்கு ஓய்வு பெற இன்னும் பத்து மாதம்.

நீ எழுதியிருந்ததற்கு ஒரே பதில். பதிவேட்டின்படி மூன்று குழாய்களில் கேபிள் இருக்கிறது. நான்காவது எங்கள் எதிர்காலத் தேவைக்கு ஒதுக்கியது. பதிவேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் எனக்குத் தெரியும்.

வெயில் தொடங்கிவிட்டது. வாலுவை மதியத்தில் வெளியே விடாதே.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் முழுவதும் விட்டதா? இங்கே எல்லோரும் சுகம். வாலுவுக்குப் பல் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணலாக. உன் பல் மாதிரியே என்று டீச்சர் சொல்கிறாள்.

பதிவேட்டைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. வேறு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸம்மா இருக்கிறார். அரசு மருத்துவமனையில் ஓய்வு பெற்றவர். இப்போது வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கிறார். அவருடைய போன், உங்கள் ஆபீஸ் போன்தான், டிசம்பரிலிருந்து செத்துக் கிடக்கிறது. நான்கு தடவை புகார் எழுதினார். பாலம் தாண்டியதும் முதல் இணைப்பு உங்களுக்குத்தான் என்று பிப்ரவரியில் நான் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். போன வாரம் இந்தப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குக் குறித்த நாளுக்கு முன்பே வலி வந்துவிட்டது. புருஷன்காரர் போன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலம் கடந்து போய் அழைத்து வந்திருக்கிறார். நர்ஸம்மா போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. தாய் பிழைத்துக்கொண்டாள்.

இரண்டாவது. எங்கள் நிறுவனம் ஆணையத்திடம் புகார் கொடுக்கிறது. பாலத்துக் குழாயைப் பற்றிச் சாட்சி சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு முதலாளியம்மா, "என்ன யோசனை? உங்க அக்கா அங்க இருக்காங்கன்னுதானே உங்கள வேலைக்கு எடுத்தேன். அவங்களால ஒண்ணும் ஆகல. நீங்களாவது உதவுங்க" என்றார். அவருக்கு அது தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஒரு நல்ல ஜாயின்டர் என்று எடுத்தார்கள் என நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து டீச்சரிடம் சொன்னேன். அவள் நோட்டுப் புத்தகம் திருத்திக்கொண்டே, "ஜாயின்டர்தானே நீங்க, ரெண்டு பக்கத்தையும் சேர்த்து வைக்கிறதுதானே வேலை" என்றாள்.

சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ யார் என்பதை அதில் எழுதவில்லை.

தம்பி


ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலம் என்று நம்புகிறேன். ஏப்ரலில் எழுதியதற்குப் பதில் இல்லை. அஞ்சல் தவறியிருக்காது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர் கேட்காத கடிதமெல்லாம் ஒழுங்காக வருகிறது.

எங்களோடு வேலை பார்க்கும் நெட்டை நேற்று ஒரு விஷயம் சொன்னான். ஏணி இல்லாமலே கம்பத்தில் பாதி எட்டிவிடுவான், அதனால் அந்தப் பெயர். போன மாதக் கடைசியில் பாலத்தின் மேல் உங்கள் லைன்மேன்கள் இருவர் மேன்ஹோல் மூடியைத் திறந்து வைத்திருந்தார்களாம். இவன் சைக்கிளை நிறுத்திப் பார்த்திருக்கிறான்.

"ஒரு அம்மா, கண்ணாடியக் கயித்துல மாட்டி கழுத்துல போட்டிருந்தாங்க. இறங்காதீங்கம்மான்னு அவனுங்க சொல்லச் சொல்லக் கேக்காம ஏணியில இறங்கிட்டாங்க. ஒவ்வொரு குழாய்லயும் கைய விட்டுப் பார்த்தாங்க. மேல வந்தப்போ முழங்கை வரைக்கும் சேறு. அப்புறம் கைப்பிடிச் சுவரப் பிடிச்சுக்கிட்டு ஆத்துக்கு அந்தப் பக்கத்தையே பார்த்துட்டு நின்னாங்க. யாரண்ணே அது, ஆணையத்து ஆளா?"

தெரியாது என்று சொன்னேன்.

பாலத்திலிருந்து எங்கள் வீட்டுக்குப் பத்து நிமிட நடை. கை கழுவவாவது வந்திருக்கலாம்.

தம்பி


ஜூன் 15

சின்னவனுக்கு,

நலம். வந்தது உண்மைதான். வேலையாக வந்தேன், வேலை முடிந்ததும் அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன். கை கழுவ ரயில் நிலையத்தில் குழாய் இருக்கிறது.

வீட்டுக்கு வந்திருந்தால் நீ ஒன்றும் கேட்டிருக்க மாட்டாய். அதனால்தான் வரவில்லை.

ஆகஸ்டில் விசாரணை. அது முடியும்வரை நீயும் எழுத வேண்டாம், நானும் எழுதமாட்டேன். நீ ஒரு தரப்பின் சாட்சி. நான் மறுதரப்பின் சாட்சி. அங்கே பார்த்தாலும் பேச வேண்டாம்.

வாலுவின் பல் கோணலாகவே இருக்கட்டும். எனக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

விசாரணை முடிந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி? அன்றைக்கு மண்டபத்தில் இளைத்துத் தெரிந்தாய். கடைசி வரிசையில் டீச்சரும் உட்கார்ந்திருந்தாள். அவளை நீ பார்த்தாயா என்று தெரியவில்லை.

நடந்தது உனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் என் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று எழுதி வைக்க வேண்டும்போல் இருக்கிறது. இல்லாவிட்டால் மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

மேடையில் மூன்று உறுப்பினர்கள். நடுவில் இருந்தவர் மட்டும்தான் குறிப்பெடுத்தார். நான் சொல்லி முடித்தபின் உன்னைக் கூப்பிட்டார்கள். உங்கள் பொது மேலாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வக்கீல் கேட்டார்.

"நேர்ல பார்த்தேன்னு எழுதியிருக்கீங்க. பார்த்தீங்களா?"

"கையெழுத்துப் போட்டப்போ பார்க்கல. மே இருபத்தெட்டாம் தேதி போய்ப் பார்த்தேன்."

பொது மேலாளர் பக்கத்தில் இருந்தவரின் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார்.

"என்ன இருந்துச்சு?"

"நாலு குழாய். ரெண்டுல கேபிள். ஒண்ணு காலி. ஒண்ணுல ரெண்டு பக்கமும் அறுத்துவிட்ட பழைய கேபிள். அதை உருவிட்டா அதுவும் காலி."

உடனே உங்கள் வக்கீல் எழுந்தார். எல்லாம் விசாரித்து வைத்திருந்தார்போல.

"இதுக்கு முன்னாடி சாட்சி சொன்ன ஜாயின்டர் உங்களுக்கு யாரு?"

"என் தம்பி."

மண்டபத்தில் நாற்காலிகள் அசைந்தன. டைப் அடிக்கிறவர் கையை நிறுத்தி உன்னைப் பார்த்தார்.

"அதை ஆபீஸ்ல எப்பவாவது சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்போ தம்பிக்காகத்தான் இப்ப மாத்திச் சொல்றீங்க."

"தம்பிக்காக அந்தக் குழாய் காலியாகலைங்க. அது முன்னாடியே காலியாத்தான் இருந்துச்சு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "பார்க்காம ஏன் கையெழுத்துப் போட்டீங்க? யாராவது போடச் சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல."

"அப்போ ஏன்?"

நீ முன்னால் இருந்த மேசையைப் பார்த்தாய். அவர் மறுபடியும் கேட்கவில்லை. டைப் அடிக்கிறவரிடம், "'சாட்சி பதிலளிக்கவில்லை'ன்னு போட்டுக்குங்க" என்றார்.

உறவு என்று தெரிந்ததால் நம் இருவர் சாட்சியும் செல்லாது, ஆணையமே இரண்டு வெளியூர்ப் பொறியாளர்களை அனுப்பிப் பார்க்கும் என்று சொல்லிவிட்டார்கள். படியில் நீ என்னைத் தாண்டிப் போனாய். பேசக் கூடாது என்று சொன்னதால் நானும் பேசவில்லை. விசாரணைதான் முடிந்துவிட்டதே என்று தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஓடி வந்து பார்த்தேன். நீ பேருந்தில் ஏறிவிட்டாய்.

தம்பி


அக்டோபர் 11

மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. உங்கள் அக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன், அதனால் பதில் போட வேண்டாம். முழங்காலைப் பற்றி விசாரிக்கவும் வேண்டாம். இந்த வீட்டில் அதை விட்டால் வேறு பேச்சே இல்லை என்று ஆக்கிவிட்டது நான்தான். அவளைக் கேட்டால் அவள் என் முழங்காலைப் பற்றித்தான் சொல்வாள்.

செப்டம்பரில் அவளுக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்தார்கள். பார்க்காமல் பார்த்ததாக எழுதியது ஒன்று, உறவை மறைத்தது ஒன்று. இரண்டையும் ஒப்புக்கொண்டு அரைப் பக்கத்தில் பதில் எழுதிக் கொடுத்துவிட்டாள். பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது தொலைபேசி விவரப் புத்தகம் அச்சிடும் பிரிவில், அடித்தளத்தில், மெய்ப்புப் படிக்கிறாள். வேலையிலிருந்து நீக்கவில்லை. ஓய்வுக்கு முன் அவளுக்கு வர வேண்டிய பதவி உயர்வு மட்டும் வராது.

நான் ஆறுதல் சொல்லப் போனேன். "நான் தப்புப் பண்ணேன், குடுத்தாங்க. இதுல அழறதுக்கு என்ன இருக்கு" என்றாள். பிறகு மூத்தவளின் அறையில் இருந்த என் செய்தித்தாள்களையெல்லாம் தூக்கி வெளியே போட்டுவிட்டுத் தரையைக் கழுவினாள். இரண்டு தடவை.

நீங்கள் எழுதுங்கள். குழாயைப் பற்றி வேண்டாம். எதையாவது எழுதுங்கள்.

அத்தான்


நவம்பர் 23

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமா? நாங்கள் நலம். வாலு இரண்டாம் வாய்ப்பாடு வரை வந்துவிட்டாள், அதற்கு மேல் வர மறுக்கிறாள்.

ஆணையத்தின் தீர்ப்பு உனக்கும் வந்திருக்கும். வெளியூர்ப் பொறியாளர்கள் பார்த்தது நீ சொன்னதேதான். குழாயைப் பதினைந்து நாளில் கொடு, இரண்டு நிறுவனங்களுக்கும் நடுவே இணைப்பைக் கொடு, எல்லா எண்களையும் ஒரே விவரப் புத்தகத்தில் போடு என்று உத்தரவு. போன வியாழக்கிழமை பாலத்தில் கேபிள் இழுத்தோம். பதினோரு பேரில் இப்போது ஆறு பேர்தான் இருக்கிறோம். எட்டு மாதம் காத்திருக்க எல்லோராலும் முடியவில்லை. நெட்டை உங்கள் ஆபீஸில் சேர்ந்துவிட்டான். அன்றைக்கு மூடியைத் திறந்துவிட வந்தது அவன்தான். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, யார் எந்தப் பக்கம் பிடிப்பது என்று கொஞ்ச நேரம் நின்றோம்.

மறுநாள் நர்ஸம்மா வீட்டில் போன் வைத்தேன். வாக்குக் கொடுத்தது பிப்ரவரியில். அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு வைத்துவிட்டார். பிறகு, "ஏப்ரல்ல இருந்திருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

இப்போது நான் இத்தனை நாள் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். மூன்றாவது குழாயில் கிடந்த பழைய கேபிளை ஒன்பது வருடத்துக்கு முன் அறுத்தவன் நான்தான். உருவி எடுத்து, எடுத்துவிட்டேன் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். எழுதவே இல்லை. அதனால்தான் உன் பதிவேட்டில் மூன்று குழாய் நிரம்பியிருந்தது. ஏப்ரலில் நீ பதிவேடு என்று எழுதியபோதே எனக்கு இது ஞாபகம் வந்துவிட்டது. சாட்சிக் கூண்டிலும் சொல்லவில்லை. உனக்குக் குறிப்பாணை கொடுத்ததாகக் கேள்விப்பட்ட பிறகும் ஒரு மாதம் சொல்லவில்லை.

தம்பி


டிசம்பர் 19

சின்னவனுக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். அத்தான் இப்போது தெருமுனைவரை நடக்கிறார். அங்கே ஒரு பெஞ்சு இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்.

பழைய கேபிள் பற்றி எழுதியிருந்தாய். அறுத்த இடத்தைத் தொட்டுப் பார்த்தபோதே எனக்குத் தெரியும். முனையைத் துணி சுற்றி மூன்று முடிச்சுப் போடுகிற ஜாயின்டர் அந்த ஊரில் ஒருவன்தான். மண்டபத்தில் நான் அதைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

இங்கே அடித்தளத்தில் நாங்கள் நான்கு பேர் மெய்ப்புப் படிக்கிறோம். ஜன்னல் இல்லை, மை வாசனை உண்டு. உங்கள் எண்களைப் புத்தகத்தின் கடைசியில் வேறு நிறத் தாளில் தனியாகப் போடலாம் என்று மேலே ஒரு யோசனை ஓடியது. ஒரே புத்தகம் என்றால் ஒரே வரிசை என்று உத்தரவின் பத்தியைக் குறிப்பிட்டு எழுதி அனுப்பினேன். ஒப்புக்கொண்டார்கள். உங்கள் பட்டியலின் நகல் மங்கலாக வந்திருந்தது. தெளிவில்லாத எண்ணை அந்த எண்ணுக்கே போன் போட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது இந்தப் பிரிவின் விதி. நாற்பத்திரண்டு எண்கள். அவற்றில் ஒன்று உன்னுடையது.

பக்கத்து மேசைப் பெண்ணிடம் தள்ளிவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று நானே சுழற்றினேன். இரண்டு நிறுவனங்களுக்கும் நடுவே இணைப்பு நன்றாகத்தான் வேலை செய்கிறது.

"விவரப் புத்தகப் பிரிவுலேருந்து பேசறோம். உங்க எண்ல கடைசி இலக்கம் மூணா, எட்டா?"

"எட்டுங்க."

"நன்றிங்க."

நீ வைக்கவில்லை. "வேற ஏதாவது கேக்கணுமா?" என்றாய்.

"இல்லைங்க, அவ்வளவுதான்" என்றேன். ஏன் எழுந்து நின்று பேசினீர்கள் என்று பக்கத்து மேசைப் பெண் கேட்டாள். கால் மரத்துவிட்டது என்றேன்.

போனில் நீ கேட்டதற்கு நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று உண்டு. மண்டபத்தில் நடுவில் இருந்தவருக்குச் சொல்லாமல் விட்டதும் அதுதான். பார்க்காமல் ஏன் கையெழுத்துப் போட்டேன் என்று கேட்டார்.

அந்த மாதம் எனக்கு வந்தவை ஆறு விண்ணப்பங்கள். ஐந்துக்கு நான் நேரில் போனேன். ஒவ்வொரு மூடியையும் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். மூன்றுக்கு இடம் இருந்தது, கொடுத்தேன். இரண்டுக்கு இல்லை. ஆறாவது உன்னுடையது. நீ என் தம்பி என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் என்றாவது தெரியவரும். கொடுத்தால் தம்பிக்குக் கொடுத்தாள் என்பார்கள். மறுத்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அங்கே போனால் காலியாக இருந்துவிடுமோ என்று பயந்து போகவில்லை. பதிவேட்டில் பார்த்துவிட்டு எழுதிவிட்டேன்.

முகம் தெரியாத யாரோ ஒருவனாக நீ இருந்திருந்தால் உனக்குப் பிப்ரவரியிலேயே கிடைத்திருக்கும்.

நர்ஸம்மாவின் எண்ணும் அந்த நாற்பத்திரண்டில் இருந்தது. அதையும் நானே சுழற்றினேன். முதல் மணியிலேயே எடுத்து, "எந்த வீடு? எத்தனை நேரமா வலி?" என்று கேட்டார். விவரப் புத்தகப் பிரிவு என்று மட்டும் சொன்னேன். எண் சரியாக இருக்கிறது.

டீச்சரை அன்றைக்கே பார்த்தேன் என்று சொல். உங்கள் மூவரின் நலத்தையும் விரும்பும்

அக்கா